குண்டடத்தில் பிரித்துக் கட்டிய நூற்றிருபது பெட்டிகள்

திருப்பூர்க்காரனுக்குக் கடல் என்றால் கன்டெய்னர் போகிற இடம், அவ்வளவுதான். கப்பல் செங்கடல் வழியாகப் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றுகிறது, சரக்கு தாமதம் என்று யாராவது சொன்னால்தான் உலகப் படத்தையே திறப்போம். ‘கடல்சார் பாதுகாப்பு உத்தி’, ‘அண்டை நாடுகளுடன் ஒத்துழைப்பு’ என்றெல்லாம் செய்தித்தாளில் வந்தால், அந்தப் பக்கத்தில் பஜ்ஜியை வைத்து எண்ணெய் பிழிகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் போன மழைக்காலத்தில் மினி லாரியில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகம் வரை போய்வந்தேன். நிவாரணப் பொருள் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இது பயன்படும். எங்களைப் போல முட்டாள்தனம் பண்ணாமல் இருக்கவாவது பயன்படும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஸ்டெல்லா. நான் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருக்கும் பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் சூப்பர்வைசர், சொந்த ஊர் பாம்பன். அவருடைய தம்பியின் விசைப்படகு எல்லை தாண்டியது என்று இலங்கைப் பக்கம் பிடிபட்டு இரண்டு வருடம் ஆகிறது. தம்பியை விட்டுவிட்டார்கள், படகை விடவில்லை. சொந்தப் படகில் போனவன் இப்போது ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறான்.

அந்த இலங்கையில்தான் புயல், வெள்ளம். நம் கடற்படைக் கப்பல் ஒன்று நிவாரணத்தோடு தூத்துக்குடியிலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்ததும், ஸ்டெல்லா ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கி, ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளைக் கேட்டு வாங்கிவிட்டார். டி-ஷர்ட், பேன்ட், குழந்தை ஜட்டி என்று நூற்றிருபது பெட்டி. அனுமதிக்கு அலைந்தது நான்.

“படகைப் பிடிச்சு வச்சிருக்கிறவங்களுக்கா இவ்வளவு பண்றீங்க?” என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“தண்ணில கெடக்குறது படகைப் பிடிச்சவுகளாண்ணே? புள்ளகுட்டிக்காரவுக,” என்றார். பிறகு மறைக்காமல் சொன்னார்: “ஆனா நானும் கூட வருவேன். கப்பல் அதிகாரிய நேர்ல பாத்து, படகைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கணும். போன்ல கேட்டா யாரு மதிக்கா?”

காலை ஐந்தரைக்குத் திருப்பூரில் கிளம்பினோம். தூத்துக்குடி சுமார் முந்நூறு கிலோமீட்டர். போக வர லாரி வாடகை பதினாலாயிரம், சுங்கச்சாவடி தனி. துறைமுகக் கேட்டில் மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பிறகு வரும் சரக்கை ஏற்ற மாட்டார்கள். நேரம் தாராளமாக இருக்கிறது என்ற மிதப்பில், ஏழு மணிக்குக் குண்டடத்தில் டீக்கு நிறுத்தினோம். நிறுத்தியதுதான் நல்லதாகப் போயிற்று.

கையில் டீயோடு நிற்கும்போது துறைமுகத்திலிருந்து அந்தக் கப்பலின் அதிகாரி ஒருவர் போன் செய்தார். பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று அக்கரைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். நான் பெருமையாக ஒப்பித்தேன். ஒன்று முதல் நாற்பது வரை ஆண்கள் எக்ஸ்எல், அடுத்த முப்பது பெண்கள் மீடியம், கடைசி இருபத்தைந்து கைக்குழந்தை. ஒரு பெட்டிக்கு ஒரே சைஸ், ஒரே கலர். வெளிநாட்டுக் கடைக்காரர் கேட்கிற மாதிரி, பிசிறில்லாத பேக்கிங்.

அவர் பொறுமையாகக் கேட்டார்: “சார், அங்க ஒரு படகுல நாலு பெட்டி ஏத்தி ஒரு ஊருக்குக் கொண்டுபோவாங்க. உங்க கணக்குப்படி ஒரு ஊர் பூரா குண்டு ஆம்பளைங்க, பக்கத்து ஊர் பூரா கைக்குழந்தைங்களா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாற்பது வருடமாகப் பெட்டி கட்டுகிற ஊர். பெட்டி கடைக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போகிறது என்பது எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அங்கே போய்ப் பிரித்துக்கொள்ளட்டும் என்று நான் முணுமுணுத்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் மீதி டீ இறங்கவில்லை.

“இடுப்பளவு தண்ணில நின்னு சைஸ் பாப்பாகளா? எறக்குங்கண்ணே,” என்றார்.

எங்கே இறக்குவது? மேலே தூறல். குண்டடத்தில் எங்கள் கம்பெனிக்குத் தையல் வேலை செய்து கொடுக்கிற ஈஸ்வரமூர்த்தி என்பவரின் ஷெட் கூப்பிடு தூரத்தில் இருந்தது. வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு மாலை அவருக்கும் ஒரு டெலிவரி இருந்தது. அது எங்கள் கம்பெனிக்கே தர வேண்டியது என்பது இன்னும் வேடிக்கை.

“ஏனுங்க இப்படி வாசல்லயே நிக்கறீங்க, லாரிய உள்ள உடச் சொல்லுங்க,” என்றார். டெலிவரி என்ன ஆகும் என்று இழுத்தேன். “லேட்டானா நீங்கதானுங்க வைவீங்க, வைங்க,” என்று சிரித்தார். “நல்லதுக்குக் கூப்புட்டாத்தான் போகோணும், கெட்டதுக்குக் கூப்புடாமயே போகோணுமுங்க.”

மெஷின்கள் நின்றன. பதினெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள், அதில் பாதி பீகார் பிள்ளைகள். ஸ்டெல்லா நடுவில் நின்றுகொண்டு, பெட்டிக்கு ஆண் இத்தனை, பெண் இத்தனை, பள்ளிக்கூடப் பிள்ளை இத்தனை, கைக்குழந்தை இத்தனை என்று சொல்லச் சொல்ல, தமிழிலும் இந்தியிலும் எண்ணிப் போட்டார்கள். எண்ணிக்கை இரண்டு தடவை குழம்பியது. ஒரு தடவை குழப்பியது நான், உடனே என்னை டேப் ஒட்ட அனுப்பிவிட்டார்கள். வேலை முடியப் பத்தே முக்கால்.

அதன்பிறகு எங்கேயும் சாப்பாட்டுக்கு நிறுத்தவில்லை. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று டிரைவர் முருகேசன் ஒரே மிதி. மதுரையைத் தாண்டியதும் ஸ்டெல்லா வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஜெபம் என்று நினைத்தேன். கவனித்தால், படகின் பதிவு எண்ணும் பிடிபட்ட தேதியும். அதிகாரி முன்னால் திக்காமல் சொல்ல வேண்டுமாம்.

கேட்டை அடைந்தபோது நாலே முக்கால். காலையில் போனில் பேசியவர்தான் வந்தார். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, “இப்ப இது வீட்டுப் பெட்டி,” என்றார். நம் கப்பலும் அக்கரைக் கப்பலும் சேர்ந்து பயிற்சி எடுப்பதைப் பற்றியும், புயல் வந்தால் யார் எங்கே தேடுவது என்று பேசி வைத்துக்கொள்வதைப் பற்றியும் ஏற்றுகிற நேரத்தில் சொன்னார். “எல்லையில மறிக்கிறதும் அவங்கதான். நம்ம ஆளு மூழ்கினா ஓடி வர்றதும் அவங்கதான். நாங்களும் அப்படித்தான்மா,” என்றார். செய்தித்தாளில் முழுப் பக்கம் படித்தும் எனக்கு ஏறாத விஷயம் இது.

பிறகு ஸ்டெல்லாவிடம், “வேற ஏதாவது சொல்லணுமா?” என்று அவராகவே கேட்டார். நான் ஸ்டெல்லாவின் முதுகில் லேசாக இடித்தேன், சொல்லுங்கள் என்று.

“பெட்டி நனையாமப் போகணும் சார்,” என்றார் ஸ்டெல்லா. அவ்வளவுதான். கேட் மூடிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், லாரி எண்ணும் வருகிறவர்களின் அடையாள அட்டையும் இல்லாமல் கேட்டில் காரியம் நடக்காது. பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை போடுங்கள். எல்லா சைஸும் எல்லாப் பெட்டியிலும் இருக்கட்டும். கம்பளி மாதிரித் தடித்த துணி வேண்டாம், காயாது. வழியில் சாப்பிட்டுவிடுங்கள். நாங்கள் சாப்பிட்டது இரவு எட்டரைக்கு, கோவில்பட்டிக்கு முன்னால் ஒரு பரோட்டாக் கடையில்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. “முந்நூறு கிலோமீட்டர் மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்க. அவரே கேட்டும் வாயைத் திறக்கலையே. தம்பிக்கு என்ன பதில் சொல்வீங்க?” என்று கத்தியே விட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டெல்லா பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “எழவு வீட்டுல போயி யாராச்சும் கொடுக்கல் வாங்கல் பேசுவாகளாண்ணே?”

குருமாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“தண்ணி வடியட்டும்,” என்றார். “பெறகு கேப்பேன். விட மாட்டேன்.”