மேஜையில் பட்ட இடது கை

எங்கள் தையல் கம்பெனியில் செக்கிங் அக்காவின் கண்ணிலிருந்து தப்பித்த சட்டை கிடையாது. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவர் விரல் சரியாக அங்கே போய் நின்றுவிடும். அவரைத்தான் டேபிள் டென்னிசுக்கு அம்பயராக உட்காரவைத்தோம். வேறு வழியில்லை. சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் ஆண்கள் பந்தை அடித்ததைவிட வாயடித்ததுதான் அதிகம்.

ஓய்வறை மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சண்டை பொறுக்காமல் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"பந்து மேஜையோட மேல் ஓரத்துல பட்டா பாயின்ட். பக்கவாட்டுல பட்டா இல்ல. இதுக்குப் போய் இவ்வளவு சத்தமா?"

மட்டைப் பெட்டியோடு வந்த விதிகளை நாங்கள் யாரும் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அவர் படித்திருந்தார்.

அன்றிலிருந்து நாற்காலி அவருடையது. சர்வீஸ் போடுகிறவர் உள்ளங்கையை விரித்துப் பந்தை வைக்க வேண்டும். முக்கால் சாணாவது மேலே எழுப்பித்தான் அடிக்க வேண்டும். பந்து முதலில் தன் பக்கம் குதித்து, பிறகு எதிர்ப்பக்கம் குதிக்க வேண்டும். வலையை உரசிக்கொண்டு போய் விழுந்தால் மறுபடி போடலாம். விரலிடுக்கில் பந்தை ஒளித்துச் சுழற்றிய வித்தைக்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்தது.

அந்த நாற்காலி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க அடுத்தவர் வேலையில் குறை சொல்வதுதான் அவர் உத்தியோகம். யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். இங்கே மட்டும் அவர் சொன்னால் எல்லோரும் கேட்டோம்.

ஆண்டுப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்குப் பார்சல் பிரிவு அண்ணனும் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரும் வந்தார்கள். மாஸ்டர், அக்காவின் புருஷன். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"உங்க தீர்ப்புல ஒரு தகராறு வந்தாலும், அந்த நிமிஷத்துலேர்ந்து வேற ஆள்தாம்மா."

மாஸ்டரிடம் ஒரு தொல்லை உண்டு. அடுக்கிய துணி நகராமல் இடது கையால் அழுத்திப் பிடித்து, வலது கையால் வெட்டியே பழகியவர். மேஜையைக் கண்டால் இடது கை தானாகப் போய் ஊன்றிக்கொள்ளும். இந்த ஆட்டத்தில் மட்டை பிடிக்காத கை மேஜையில் பட்டால் பாயின்ட் போய்விடும். அதனால் அக்கா வீட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே அவருக்குப் பயிற்சி கொடுத்தார். கை ஊன்றினால் கரண்டியால் ஒரு தட்டு. அவர் ஜெயிக்க வேண்டும் என்று அவரைவிட அக்காவுக்குத்தான் ஆசை.

ஆட்டம் பத்துக்குப் பத்து ஆனது. இனி இரண்டு பாயின்ட் முன்னால் போகிறவருக்குத்தான் வெற்றி. அண்ணன் ஒன்று எடுத்தார். அடுத்ததில், வலையோரம் விழுந்த பந்தை மாஸ்டர் எட்டிப் பளாரென்று அடித்தார். அண்ணனால் தொடக்கூட முடியவில்லை. ஓய்வறையே கைதட்டியது.

"இடது கை பட்டுச்சு. பாயின்ட் பார்சலுக்கு" என்றார் அக்கா.

மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். "எங்க பட்டுச்சு? என் கை அந்தரத்துல இருந்துச்சு."

எல்லோரும் மேஜையை நெருங்குவதற்குள், அக்கா விருட்டென்று எழுந்துபோய், டப்பா துடைக்கும் துணியால் மேஜையைத் துடைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற நான் பார்த்துவிட்டேன். பச்சைப் பலகையில் சாக்பீஸ் வெள்ளையில் நான்கு விரல்கள். சாக்பீஸ் கோடு போட்ட துணியை அழுத்திப் பிடித்துவிட்டு அப்படியே ஆட வந்த கை. புருஷனை அத்தனை பேர் முன்னால் பொய்யனாக்க அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே.

"வீட்டுச் சண்டையை இங்க கொண்டுவந்துட்டாங்க" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

மேனேஜர் கையை உயர்த்தினார். "அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடுங்க. நீங்க போங்கம்மா, வேற ஒருத்தர் உக்காரட்டும்."

அக்கா நாற்காலிக்கு அடியிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. துடைத்த துணி இன்னும் கையிலேயே இருந்தது.

மாஸ்டர் அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். மட்டையைக் கீழே வைத்தார்.

"மறுபடி ஆட வேணாம் சார். கை பட்டுச்சு. தடம் இருந்துச்சு, எனக்காக இவ துடைச்சிட்டா. நான்தான் பொய் சொன்னேன்."

மனைவியிடம் திரும்பினார். "உக்காரு. ஸ்கோர் சொல்லு."

அக்கா உட்கார்ந்தார்.

"பன்னெண்டு, பத்து. ஆட்டம் பார்சலுக்கு."

தீர்ப்புச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.