ஒரகடம் கூட்டுரோட்டில் பூட்டிக்கொண்ட பிரேக்

எங்காவது மிக்ஸி இரண்டு விநாடி ஓடி நின்றால் எனக்கு ஒரகடம் கூட்டுரோடு நினைவுக்கு வந்துவிடுகிறது. காரின் பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கும் மோட்டாரும் அப்படித்தான் சத்தம் போடும். 2014இல், ஆயுத பூஜை கழிந்து இரண்டாம் நாள் காலை, அந்தச் சத்தம் வராமல் போயிற்று.

காலை ஏழரை. தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டோம். பின் சீட்டு முழுக்க என் நண்பன் அந்தோணி. இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு. பத்து மணிக்குச் சேரப்பணஞ்சேரி மாதா கோயிலில் அவன் ஒரே மகளுக்குக் கல்யாணம். அவளைக் கைப்பிடித்துப் பீடம்வரை அழைத்துப்போக வேண்டியவன் அவன். மடங்காத கால் ஆட்டோவில் நுழையாது. சிங்கப்பூர் போன மைத்துனன் என் பொறுப்பில் விட்டிருந்த பெரிய காரை அதற்காகவே எடுத்து வந்திருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் கம்பெனிச் சுவர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எருமைகள், அந்தப் பக்கம் புகையில்லாத கூரைகள். எதிரே வந்த பேருந்துகளில், கண்ணாடியில் தலை சாய்த்து, இரவு ஷிஃப்ட் தூங்கிக்கொண்டே அறை திரும்பிக்கொண்டிருந்தது.

எட்டரை. அந்தோணி மாத்திரை போட, கூட்டுரோட்டு டீக்கடையில் நிறுத்தினேன். டீ எட்டு ரூபாய், ஏலக்காய் தாராளம். திரும்பி வந்து பிரேக் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் காரில் இழுத்துவிடும் கைப்பிடி கிடையாது. எல்லாம் அந்த ஒரு பொத்தான்தான். மீட்டரில் ஆரஞ்சு விளக்கு கண்ணடித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார் உறுமியது, நகரவில்லை.

"இன்னா மச்சான், நின்னுகினே கீது?"

"பிரேக் விடமாட்டேங்குது."

"கால் ஒடஞ்சவன் நானு. காருக்கு இன்னாத்துக்குக் கட்டு?" சிரித்தான். ஆனால் அவன் கை பைக்குள் ஜெபமாலையைத் தேடியது.

போனில் பிடித்த மெக்கானிக் மதியம்தான் வரமுடியும் என்றார். எங்கள் முகத்தைப் பார்த்து, டீ கிளாசோடு இரவு ஷிஃப்ட் முடித்த இரண்டு சீருடைகள் எழுந்து வந்தன. மண்ணூர் சேகர், கார் கம்பெனியில் ஒயர் மாட்டும் லைன். அவன் அறைத்தோழன் கோவில்பட்டி இசக்கி, கடைசிச் சோதனை லைன்.

"பேட்டரிதான் சார். கண்ண மூடிகினு சொல்வேன்," என்றான் சேகர்.

ஹாரன் அடித்தேன். கடை நாய் எழுந்து ஓடியது.

"சரி, அது நல்லாத்தான் கீது." ஃப்யூஸையும் பிடுங்கிப் பார்த்தான். அதுவும் முழுசாக இருந்தது.

"தள்ளுல, ஒயர் தாண்டுனா என் ஸ்டேஷன்," என்று இசக்கி தரையில் படுத்துப் பின்சக்கரத்தில் காது வைத்தான். "அமுக்குங்க அண்ணாச்சி... ம்ஹூம்." மறுபக்கம் போய்ப் படுத்தான். அங்கேயும் ம்ஹூம். "சக்கரத்துக்கு ஒரு மோட்டாரு. ரெண்டும் ஒண்ணாவா சாவும்? சிக்னலே போகல. சுவிட்சப் பாப்பம்."

பொத்தானின் இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு. முகர்ந்து பார்த்தான். "சந்தனம்லா! யாரு வச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு. பன்னீரில் குழைத்து, எல்லாப் பொத்தானுக்கும்."

இரண்டு பேரும் சாலையிலேயே குந்திச் சிரித்தார்கள். "எங்க லைன்லயும் இதே கூத்துதான் சார்," என்றான் சேகர். "சூப்பர்வைசரே பொட்டு வச்சாரு, மிஷின் படுத்துக்குச்சி. இப்பல்லாம் டேப் ஒட்டி, அதுமேலதான் சந்தனம்."

பேட்டரி ஒயரைக் கழற்றி, சுவிட்சைக் கிளிப்போடு நெம்பி எடுத்தார்கள். அந்தோணியின் ஆஸ்பத்திரிப் பையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் இருந்தன. பஞ்சு மஞ்சளாகி, மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகவே வந்தது. உலர விட்டு மாட்டினார்கள். அழுத்தினேன்.

க்ர்ர்ர்.

அந்தோணி சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். நான் எதைப் போட்டுக்கொள்வது என்று தெரியாமல் இசக்கியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு காரை முழுசாகத் தெரியும் என்று சொல்ல அந்தச் சாலையில் யாரும் இல்லை. எனக்கு அன்று இந்த இருவருக்கும் தெரிந்த கொஞ்சம் போதுமாக இருந்தது.

"இன்னிக்கு மறுபடி இந்தப் பொத்தான் பிரேக்கப் போட்டுறாதீங்க, மாட்டினாலும் மாட்டும்," என்றான் இசக்கி. "கோயில் வாசல் சரிவா இருந்தா சக்கரத்துக்குக் கல்லு வைக்க ஆள் வேணும்." சொல்லிவிட்டுத் தூக்கக் கண்ணோடு இருவரும் பைக்கில் பின்னாலேயே வந்தார்கள்.

பத்தடிக்க ஐந்து நிமிடம். கோயில் வாசல் சரிவுதான். கல் வைத்தார்கள்; கைத்தாங்கலாக அந்தோணியை இறக்கினார்கள். படியில் வெள்ளைப் புடவையில் மகள், அழுவதா சிரிப்பதா என்று நின்றாள்.

அந்தோணி ஊன்றுகோலோடு திரும்பினான். "டேய், சாப்புடாம போனீங்க, கொன்னுடுவேன்."

"தூக்கம் சொக்குது அங்கிள்," என்றான் சேகர், பைக்கை உதைத்துக்கொண்டே. "பிரியாணிய கட்டி வையி, நைட்டு ஷிஃப்ட்டுக்குப் போசொல்ல வாங்கிக்கிறோம். பொண்ணு நிக்குது பாரு, போ!"