நாலாம் இடத்துக் கலங்கல்

என் மகள் ஒரு குளத்துக்கு வைத்தியம் பார்க்கிறாள். வைத்தியம் என்பது என் சொல். "பார்க்கிறது மட்டுந்தான் உம்மா, மருந்து குடுக்கிறேல்ல" என்று அவள் ஒவ்வொரு முறையும் திருத்துவாள்.

குளம் நானாட்டான் பக்கம். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பெரிய குளம். அதில் நான்கு இடங்களைக் குறித்து வைத்து, மாதத்தில் ஒரு நாள் நான்கிலும் தண்ணீர் எடுப்பாள். தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு, எவ்வளவு கலங்கல், ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கிறது, அதற்கு இடம் விட்டு அல்லி எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்றெல்லாம் எழுதி வருவாள். பன்னிரண்டு மாதமும் தவறாமல் எடுத்தால்தான் வருட அறிக்கை அறிக்கையாகும். அது சரியாக வந்தால், அடுத்த வருடம் மறிச்சுக்கட்டி வரைக்கும் உள்ள குளங்களையும் அவளிடமே கொடுப்பதாகப் பேச்சு.

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. நாங்கள் கடல் சூழ்ந்த தீவில், தாராபுரத்து ஆட்கள். கடல் எனக்குப் பழக்கம். கடல் கோபம் வந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். குளம் பேசாமல் கிடக்கும். பேசாமல் கிடக்கிற தண்ணீரை நான் நம்புவதில்லை. அதற்குள் முதலையும் இருக்கிறதாம். "அது எங்களைக் கண்டாலே ஒளிச்சிடும் உம்மா" என்று மகள் ஆறுதல் சொல்வாள். ஒளித்திருக்கிற முதலை எந்தத் தாய்க்கு ஆறுதல்?

அதனால் வேலை தொடங்கும்போதே ஒரு நிபந்தனை போட்டேன்.

"ஒரு நாளைக்கு ஏதாவது நடந்ததெண்டா, அண்டையோட நிப்பாட்டோணும்."

"ஏதாவது எண்டா என்ன உம்மா?"

"ஏதாவது எண்டா ஏதாவதுதான்."

அவள் "ஓம்" என்றாள். அவள் ஓம் என்றால் ஓம்தான். சிறுவயதிலிருந்தே அப்படி.

பதினொரு மாதம் ஏதும் நடக்கவில்லை, வீட்டுக்குள் நடந்ததைத் தவிர. எடுத்த தண்ணீர்ப் போத்தில்கள் பரிசோதனைக்குப் போகும்வரை எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். 'இடம் 1', 'இடம் 2' என்று ஒட்டியிருப்பாள். ஒருநாள் என் கணவர் கடை பூட்டிவிட்டு வெயிலில் வந்த களைப்பில் மூன்றாம் இடத்தைக் குடித்துவிட்டார். நான் பதறி ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடச் சொன்னேன். மகளும் பதறித்தான் ஓடி வந்தாள்.

"முழுக்கக் குடிச்சிட்டீங்களா வாப்பா? கொஞ்சமாவது மிச்சம் இருக்கா?"

"அடியில கொஞ்சம் இருக்கு மகள். மண் வாசம் அடிச்சது, விட்டிட்டன்."

"அப்ப காணும், சோதிக்க அது போதும்" என்று நிம்மதியாகப் போத்திலை வாங்கிக்கொண்டு போனாள். அவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் தூங்காதது நான்தான்.

இப்படிப்பட்டவளை நம்பி விட முடியாது என்றுதான், அவளைக் குளத்துக்கு ஏற்றிப்போகும் வான் டிரைவரை ரகசியமாகப் பிடித்தேன். நானாட்டான் ஆள். வயலும் செய்கிறார், வானும் ஓட்டுகிறார். போன் பேசினால் மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால், மணிக்கு ஒருதரம் போனில் ஒரு வரி எழுதி அனுப்பும்படி ஏற்பாடு. அவரும் சுருக்கமாக அனுப்புவார். 'வந்திட்டம்.' 'தங்கச்சி தண்ணி எடுக்கிறா.' 'தங்கச்சி சாப்பிடுறா.' அந்த வரிகளை வைத்துத்தான் நான் பாடம் நடத்தினேன். ஒன்று பிந்தினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே "ரீச்சர், இன்னும் வரேல்லையா?" என்று கேட்கும் அளவுக்கு விஷயம் பரவியிருந்தது.

பன்னிரண்டாம் மாதம் நல்ல மாரி. மூன்று நாளாக மழை கொட்டிக் குளம் விளிம்புக்கு வந்திருந்தது. மகள் போகிற நாளில்தான் மழை விட்டுக் கொஞ்சம் வெளித்தது. எங்கள் பக்கத்தில், நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடத்துக்கு 'வான்' என்று பெயர். பெரிய குளமென்றால் வானுக்கு இரும்புக் கதவுகள் இருக்கும். கதவு திறந்தால் அந்தத் தண்ணீருக்கு முன்னால் மாடு நிற்காது. 'வான்கதவுகள் திறக்கப்படலாம், தாழ்நில மக்கள் அவதானம்' என்று காலையிலிருந்து ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் மகளிடம் சொன்னேன். "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்றபடி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பத்தரை மணிக்கு வகுப்பில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. டிரைவர்தான்.

'வான் கதவு திறந்திட்டுது ரீச்சர். போத்தில் எல்லாம் போட்டுது. தங்கச்சி பின்னால இறங்கீட்டா.'

ஒருதரம்தான் வாசித்தேன். வான்கதவு திறந்துவிட்டது. போத்தில்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. அவற்றுக்குப் பின்னால் என் பிள்ளை இறங்கிவிட்டாள். அவள் இறங்குவாள். அடிப்போத்தில் தண்ணீரைக்கூட விடாதவள் ஒரு பெட்டிப் போத்திலை விடுவாளா?

மகளுக்கு எடுத்தேன், போன் வேலை செய்யவில்லை. டிரைவருக்கு எடுத்தேன், அடித்து அடித்து நின்றது. கணவருக்கு எடுத்தேன்.

"வான் கதவு திறந்திட்டுதாம், பிள்ளை இறங்கீட்டாளாம்!"

அவர் அமைதியாகக் கேட்டார்.

"எந்த வான்?"

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவரை நான் அப்படி ஏசியதில்லை. "பிள்ளை தண்ணிக்குள்ள போறாள், நீங்கள் எந்த வான் எண்டு விசாரிக்கிறீங்களோ? ஒரு குளத்துக்கு எத்தினை வான்?" என்று கத்தினேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை அழத் தொடங்கிவிட்டது.

அவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள், குளத்தைப் பார்க்கிற நீர்ப்பாசன இலாகாக் கந்தோருக்கும் எடுத்துவிட்டேன். போனை எடுத்தவர் ஒருகாலத்தில் என்னிடம் படித்தவர்.

"வான்கதவை உடன மூடுங்கோ!"

"நாங்கள் இன்னும் திறக்கவே இல்லையே ரீச்சர்."

"திறக்காமல் எப்பிடித் திறந்தது?"

"தானாத் திறந்திட்டுதோ?" அவருடைய குரல் மாறியது. "ஐயோ ரீச்சர், வையுங்கோ, வையுங்கோ!"

தீவிலிருந்து கரைக்குப் போகிற பாலத்துக் காற்றில் கணவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு போன அந்த நேரத்தைப் பற்றி என்னால் வேடிக்கையாக எழுத முடியவில்லை. இரண்டு பக்கமும் கடல் கிடந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை. காலையில் அவளுக்குப் பாண் மட்டும்தான் கொடுத்தேன், சம்பல் அரைக்கப் பஞ்சிப்பட்டு விட்டுவிட்டேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் போன் அதிர்ந்தால் முதலில் ஞாபகம் வருவது அந்தச் சம்பல்தான்.

அணைக்கட்டில் ஏறியதும் மருதமரத்தடியில் வான் நிற்பது தெரிந்தது. பக்கக் கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கண் பார்த்தது, மூளைக்குப் போகவில்லை. தூரத்தில் குளத்து வானடியில் கந்தோர் ஜீப் நின்றது. மூன்று பேர் இரும்புக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் போகவில்லை. போனது ஒன்றுதான்: படிக்கட்டில் மகளின் சப்பாத்துகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"நில்லும்! நில்லும்!" என்று கணவர் கத்தினார். நான் ஹபாயாவோடு இறங்கிவிட்டேன்.

நாலாவது படியோடு படிக்கட்டு முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. சேறு முழங்காலைப் பிடித்தது, தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கையில் பட்டதைப் பிடித்தேன். ஆகாயத்தாமரை. பிடித்தவுடன் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அடுத்து ஒரு கம்பு தென்பட்டது, சிவப்புத் துணி கட்டியது. அதைப் பிடித்தேன், அதுவும் வந்தது. பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே காலை உதைந்து உதைந்து முன்னால் போனேன்.

அப்போது தாமரைப் பற்றைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய வள்ளம் வந்தது. டிரைவர் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் என் மகள், செம்மஞ்சள் மிதவை அங்கியோடு, ஒரு துளி நனையாமல் இருந்தாள்.

"உம்மா! அசையாதீங்கோ!"

நான் கல்லாக நின்றேன். "முதலையா?"

"இல்ல! கலங்குது!"

நான் நின்ற இடம்தான் நாலாம் இடம். நான் பிடுங்கிய கம்பு, செடி எண்ணுவதற்கு அவள் பதினொரு மாதமாகக் காத்து வந்த சதுரத்தின் ஒரு மூலை. கையில் இருந்தது அந்தச் சதுரத்துக்குள் இருந்த செடி.

"கையில இருக்கிறதைப் போட்டிடாதீங்கோ, எண்ணோணும்" என்றாள். நான் நெஞ்சளவு தண்ணீரில், ஒரு கையில் ஆகாயத்தாமரையும் மறுகையில் கம்புமாக, அவள் எண்ணி முடிக்கும்வரை நின்றேன்.

கரையில் ஏற்றிய பிறகுதான் விஷயம் வெளிவந்தது. நாலாம் இடத்துக்குச் சுற்றிப் போகிற கிறவல் றோட்டுக் கிடங்குப் பள்ளத்தில் வான் குதித்ததில் பக்கக் கதவு திறந்துகொண்டு, அன்று எடுத்திருந்த போத்தில்கள் வெளியே உருண்டிருக்கின்றன. மகள் வானை நிறுத்தச் சொல்லி, பொறுக்குவதற்குப் பின்னால் இறங்கியிருக்கிறாள். மூடி கழன்றவற்றை நிரப்பத் திரும்பவும் குளத்துக்கு வந்திருக்கிறார்கள். டிரைவரின் போன் வானுக்குள் கிடந்திருக்கிறது.

"வடிவாத்தானே ரீச்சர் போட்டனான், வான் கதவு எண்டு" என்றார் டிரைவர்.

"எந்த வான் எண்டு ஒரு சொல் போட்டிருக்கலாமே தம்பி!"

"என்னட்ட ஒரு வான்தானே ரீச்சர் இருக்கு."

கணவர் என் தலையில் துவாயைப் போட்டார். "நான் கேட்டனான்" என்றார். அதற்கு மேல் அவர் பேசத் தேவையிருக்கவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு 'ஒரு சொல் பல பொருள்' படிப்பிக்கிறவள் நான். கந்தோர்க்காரர் ஜீப்பில் வந்து, "வான் பத்திரமா இருக்கு ரீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மகளுக்கும் டிரைவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் இருவரும் வானுக்குப் பின்னால் போய் நின்றார்கள். அந்த வான்.

ஆனால் மகள் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. நாலாம் இடத்துக் கலங்கலை அளக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய ஒரு தட்டைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது. நான் கலக்கிய தண்ணீரில் தட்டு இறங்கும் முன்னமே மறைந்தது. சேறு அடையும்வரை காத்திருக்க வேண்டும். தெற்கில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் அன்றைய அளவு போய்விடும், அதோடு பன்னிரண்டாவது மாதமும் போய்விடும்.

காத்திருந்தோம். நான் ஈர ஹபாயாவோடு மூன்றாவது படியில் இருந்தேன். தண்ணீரில் காலை ஆட்டவும் பயம். சேறு இறங்குவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் இறங்காது, வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் கொஞ்சம் இறங்கியிருக்கும். மழையைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி அல்லாஹ்விடம் கேட்டேன். என் பிள்ளையின் வேலை நடக்க வேண்டும் என்று நான் துஆக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மகள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"உம்மா, இண்டைக்கு ஏதோ நடந்ததுதானே. நான் ஓம் எண்டு சொன்னனான். நிப்பாட்டட்டா?"

பகிடி இல்லை. உண்மையாகவே கேட்டாள். நான் 'நிப்பாட்டு' என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவாள். அதுதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது. நான் தண்ணீரைக் காட்டினேன். தட்டை இறக்கினாள். கொஞ்சம் இறங்கி, இன்னும் கொஞ்சம் இறங்கி, கயிற்றில் போன மாத ஆழத்துக்குப் போட்டிருந்த முடிச்சுக்குக் கிட்டவாகப் போய் மறைந்தது. கொப்பியில் எழுதினாள். கடைசி இலக்கத்தை எழுதி முடிக்கவும் மழையின் முதல் துளி விழுந்தது.

எழும்பும்போது கணுக்காலில் ஏதோ நெளிந்தது. பார்த்தேன். தடித்த கறுப்பு அட்டை. நான் போட்ட சத்தத்தில் டிரைவர் வானை ஸ்ராட் பண்ணிவிட்டார். மகள் குனிந்து, நகத்தால் மெதுவாகக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"உம்மா! இந்தச் சாதி அட்டையை இந்தக் குளத்தில நான் ஒரு நாளும் காணேல்ல!"

அதை ஒரு வெறும் போத்திலில் விட்டு, இடம் 4 என்று எழுதி மூடினாள். என் கணுக்காலில் இரத்தம் வடிவதை அவள் கவனிக்கவே இல்லை.

"மறிச்சுக்கட்டிக்குப் போகேக்கை என்னட்டச் சொல்லிப்போட்டுப் போ" என்றேன்.