கோழிப்பண்ணையிலிருந்து ஒரு நன்றி

உலகத்து இணையம் முழுவதையும் தாங்கிப் பிடித்திருப்பது சின்னவளின் இடது கட்டைவிரல்தான். காலையில் எழுந்ததும் அதைக் கொண்டுபோய் ஒரு கேபிளின் தலையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டு இணையமும் அந்தக் கேபிள் வழியாகத்தான் வருகிறது; அதன் கொக்கி உடைந்து வெகுநாள் ஆகிறது. வலது கை மட்டும் தனியாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும். கட்டைவிரலை எடுத்தால் மூன்று கண்டங்கள் இருட்டில் மூழ்கும், கப்பல்கள் திசை மாறும், பங்குச் சந்தை படுத்துவிடும். இதெல்லாம் நடக்காவிட்டாலும், அடுத்த அறையில் அத்தானின் மீட்டிங் நிச்சயம் படுத்துவிடும்.

"ஏம்மா, மறுபடியும் போச்சு!"

"ரெண்டு நிமிஷம் அத்தான்."

"நேத்தும் அதத்தான் சொன்ன. நான் வாயத் திறந்த மாதிரியே உறைஞ்சு போயிட்டேனாம். கஸ்டமர் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு."

அத்தான் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். அவர் மனைவி, அதாவது சின்னவளின் அக்கா, சமையலறையிலிருந்து தன் பங்குக்குக் குரல் கொடுப்பாள். "ஒரு புதுக் கேபிள் வாங்கித் தொலையேன்டி!"

"நல்ல கேபிள்ல எதுதான் ஓடாது? இது ஆடணும்க்கா. ஆடும்போது தொடர்பு அறுந்துபோகுதான்னு பாக்கணும்."

சின்னவள் என்று பெயரே தவிர, வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. அக்கா வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறாள். பகலில் ஏதோ ஒரு கம்பெனிக்குத் தண்ணீர் மீட்டர் நிரல் எழுதிக் கொடுத்துப் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் டிரைவர். கம்ப்யூட்டருக்கு ஒரு பாஷை, அதில் பொருத்திய சில்லுக்கு வேறொரு பாஷை. நடுவில் நின்று இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்கிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். சின்னவள் கட்டிக்கொண்டு அழுவது ஒரு மலிவான நெட்வொர்க் சில்லை. அதைச் செய்த கம்பெனி கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. சில்லுகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. உலகமெங்கும் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் ஒரு பெரிய பொது நிரலுக்குள் இவளுடைய டிரைவரும் ஒரு மூலையில் இருக்கிறது.

"இதுக்கு உனக்கு யாருடி சம்பளம் குடுக்கிறா?" என்று அக்கா அவ்வப்போது கேட்பாள்.

"யாரும் இல்ல."

"அப்ப விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"நான் விட்டா, அப்ப நிஜமாவே யாரும் இல்லக்கா."

மெயிலைத் திறந்தால் புகார். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் இருக்கும். எந்த போர்டு, அதாவது சில்லு பொருத்திய அட்டை, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நின்றது, ஒரு மண்ணும் இருக்காது. அப்போது சின்னவளின் வாய் ஒரு வேலை பார்க்கும், கை வேறு வேலை பார்க்கும். வாய் கத்தும்: "எதுடா வேலை செய்யல? டிரைவரா, உன் மூளையா? முதல்ல கரன்ட் இருக்கான்னு பாத்தியா, எருமை!" கை எழுதும்: 'தெரிவித்தமைக்கு மிக்க நன்றி. தாங்கள் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.' எழுதி முடித்ததும் என்டர் பொத்தானில் ஒரு குத்து. அந்தப் பொத்தானின் மேல்மூடி எப்போதோ தெறித்துப் போய்விட்டது. இப்போது அடியில் இருக்கும் ரப்பரைத்தான் குத்துகிறாள்.

பில்டு என்று இன்னொரு பேய் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, போர்டில் ஏற்றுவதற்குத் தோதாக ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிற ஏற்பாடு அது. அதையும் இவளேதான் எழுதி வைத்திருக்கிறாள். அது ஓடத் தொடங்கினால் லேப்டாப்பின் விசிறி மிக்ஸி மாதிரி அலறும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இஸ்திரிப் பெட்டியைத் தொடக்கூடாது, ஃபியூஸ் போய்விடும். கசங்கிய சட்டையோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் அத்தானைப் பார்த்தால், பின்னறையில் பில்டு ஓடுகிறது என்று அர்த்தம்.

போன மழைக்காலத்தில் ஒரே பிழையை வாரக்கணக்கில் துரத்தினாள். ஒரு வரியை மாற்றுவாள், பில்டு போடுவாள், போர்டில் ஏற்றுவாள். பிழை அசையாமல் அப்படியே நிற்கும். கடைசியில் வந்த ஆத்திரத்தில் நிரலின் நடுவே கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி குப்பையைத் தட்டினாள். நியாயமாகப் பார்த்தால் பில்டு வாயைப் பிளந்துகொண்டு விழுந்திருக்க வேண்டும். அதுவோ 'வெற்றி' என்று பல்லைக் காட்டியது. இவள் திருத்திக்கொண்டிருந்தது ஒரு கோப்பை. பில்டு எடுத்துக்கொண்டிருந்தது அதே பெயரில் வேறொரு மூலையில் கிடந்த பழைய கோப்பை. அதை அந்த மூலையில் போட்டு வைத்த புண்ணியவதியும் இவளேதான். அன்று முழுக்கப் பின்னறைக் கதவு அறைந்துதான் சாத்தப்பட்டது.

"யார் மேலடி கோவம்?" என்று அக்கா கேட்டதற்கு, "போன வருஷத்து என் மேல" என்றாள்.

அக்காவுக்குப் பதினாறு வயதில் ஒரு மகள் உண்டு. அடக்கமான பெண். அவளுடைய அறிவைச் சொல்லி மாளாது; பள்ளிக்கூடத்துக்குத்தான் அதைத் தாங்கும் சக்தி இல்லை என்று பாதி நாள் அங்கே போவதில்லை. வீட்டு வைஃபையின் பெயர் ஒருநாள் திடீரென்று 'ரெண்டு நிமிஷம் அத்தான்' என்று மாறியதற்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் நிரூபிக்கப்படவில்லை. 'உங்கள் டிரைவரைப் போட்ட நாளிலிருந்து என் பூனை என்னோடு பேசுவதில்லை' என்று சின்னவளுக்கு ஒரு புகார் வந்ததே, அதுவும் யார் எழுதியது என்று தெரியாது. அதற்கும் சின்னவளின் கை மரியாதையாக, 'தாங்கள் எந்தப் பதிப்பு?' என்று கேட்டிருந்தது.

பொது நிரலில் எது இருக்கலாம், எது போகலாம் என்று முடிவு செய்கிற ஒருவர் எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறார். படத்தில் மார்புவரை தாடி தொங்கும். ஆகவே வீட்டில் அவருக்குப் பெயர் தாடி. இந்த மாதத் தொடக்கத்தில் தாடியிடமிருந்து மெயில் வந்தது. 'இந்தச் சில்லை உங்களைத் தவிர யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. உங்கள் புதுத் திருத்தத்தை வேறு ஒருவராவது நிஜ போர்டில் ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று எழுத வேண்டும். இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் அது வராவிட்டால், அடுத்த பதிப்பிலிருந்து டிரைவரை எடுத்துவிடுகிறேன்.'

"எடுத்தா எடுக்கட்டுமே, சனியன் விட்டுதுன்னு இரு" என்றாள் அக்கா.

"எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில மருந்து ஃபிரிட்ஜ் சரியா குளுருதான்னு சொல்ற பெட்டி இருக்கு. ஆத்துல தண்ணி ஏறுதான்னு பாத்துச் சொல்ற பெட்டி இருக்கு. அடுத்த அப்டேட் போட்டாங்கன்னா அத்தனையும் ஊமையாயிடும்."

"அப்ப அவங்களே வந்து சொல்லலாம்ல, நாங்க இதத்தான் வெச்சிருக்கோம்னு?"

"ஓடுற வரைக்கும் எவன்க்கா திரும்பிப் பாப்பான்?"

இதுவரை புகார் எழுதிய அத்தனை பேருக்கும் சின்னவள் மெயில் போட்டாள். ஐயா, அம்மா, ஒரே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று கெஞ்சாத குறை. ஒருவர் விடுமுறையில் இருப்பதாக அவருடைய மெயில் தானாகவே பதில் சொன்னது. ஒருவர் அந்த போர்டைத் தூக்கி எறிந்துவிட்டாராம். ஒருவர் தன் பிரின்டர் ஓடவில்லை என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் கிணற்றில் போட்ட கல்.

"திட்டுறதுக்கு மட்டும் கூட்டங்கூட்டமா வந்தானுங்க!" என்று ஆரம்ப நாட்களில் கத்தினாள். வியாழக்கிழமை கத்துவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் வீட்டைப் பயமுறுத்தியது. அறையில் சேர்ந்து கிடந்த காபிக் கோப்பைகளையெல்லாம் யாரும் சொல்லாமல் தானே எடுத்து வந்து, ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள். அக்கா மகள் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கிண்டல் பண்ணலாம் என்றுதான் வந்தாள். கிண்டல் பண்ணாமலே திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, எல்லாரும் பார்க்கிற பொது மெயிலில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. சின்னவள் அதை வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

'அன்புள்ள அம்மணி, மிக்க நன்றி. நான் ஒரு கோழிப்பண்ணைக்காரன். குஞ்சு பொரிக்கும் பெட்டியின் சூட்டைக் கவனிக்கத் தங்கள் டிரைவரைத்தான் நம்பியிருக்கிறேன். புதுத் திருத்தத்தை ஓட்டிப் பார்த்தேன். தொடர்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. அது ஓடியபோது கம்ப்யூட்டர் எழுதிய லாக் முழுவதும் கீழே இருக்கிறது. குஞ்சுகளும் நலம்.'

அத்தான் மீட்டிங்கை மௌனமாக்கிவிட்டு வந்து கை தட்டினார். "பாத்தியா, உலகத்துல ஒரு நல்ல மனுஷனாவது இருக்கான்" என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கோழி என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. காபி ஆறுவதற்குள் தாடியின் பதிலும் வந்துவிட்டது: 'நல்லது. டிரைவர் இருக்கும்.' சின்னவள் சிரித்தாள். அப்படிச் சிரித்தால் அவளுக்கு ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும் என்பதே வீட்டுக்கு மறந்து போயிருந்தது.

பிறகு, பழக்கதோஷம், லாக்கைத் திறந்து வரி வரியாகப் படிக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றாள். மேலே போய் மறுபடி படித்தாள். கன்னத்துக் குழி மறைந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே வெகுநேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. கடைசியில் என்டர் பொத்தானில் குத்து விழவில்லை, மெதுவாக ஒரு அழுத்தல் மட்டும்.

கதவு திறந்தது.

"கோழிக்காரரே, கொஞ்சம் உள்ள வாங்க."

அக்கா மகள், சரி, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, நான்தான், உள்ளே போனேன்.

"கோழியெல்லாம் சௌக்கியமா?"

"எந்தக் கோழி சித்தி?"

"'மிக்க நன்றி'ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. அப்பவே இடிச்சுது. இத்தன வருஷத்துல எவனும் எனக்கு நன்றியில ஆரம்பிச்சதில்ல." சித்தி திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். எண்ணும் எழுத்துமாக ஏதோ இருந்தது. "இது என்னன்னு தெரியுமா? ஒவ்வொரு நெட்வொர்க் சில்லுக்கும் பொறக்கும்போதே ஒரு நம்பர் போட்ருவாங்க. கைரேகை மாதிரி. இந்த நம்பர் உலகத்துலயே ஒரு போர்டுலதான் இருக்கு. அது இந்தா, இந்த மேஜை மேல இருக்கு."

நான் மேஜையைப் பார்த்தேன். போர்டில் ஒரு பச்சை விளக்கு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

"என் லாக்கத் திருடி எனக்கே அனுப்பியிருக்க. திருடுறவ இந்த ஒரு வரிய மாத்தியிருக்க வேணாமா?"

"அது என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"யாருக்கு சித்தி தெரியப் போகுது? தாடியே சரின்னுட்டாரு. பெட்டியெல்லாம் ஊமையாகாதுல்ல, அது போதாதா?"

"ஊமையானாக்கூட, பெட்டி செத்துடுச்சுன்னு எவனாவது வந்து பாப்பான். தப்பா பேசுச்சுன்னா? ஃபிரிட்ஜ் சூடாகி மருந்து கெட்டுப் போனப்புறமும் குளுரா இருக்குன்னே சொல்லிக்கிட்டிருந்தா? அந்த ஊசிய யாருக்குடி போடுவாங்க?"

வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று வீட்டில் எனக்கு இருந்த பெயர் அந்த அறையில் போயிற்று.

சித்தி திரையை என் பக்கம் திருப்பினாள். தாடிக்கு அவள் எழுதிய மெயில் ஏற்கெனவே போயிருந்தது. 'கோழிப்பண்ணைச் சோதனை செல்லாது. அது என் சொந்த போர்டின் லாக். என் வீட்டில் இருக்கும் ஒரு பெண் பிரியத்தில் செய்த காரியம். மன்னிக்கவும்.' பிரியத்தில் என்ற சொல்லை நான் இரண்டு தடவை படித்தேன். அதற்குக் கீழே தாடியின் பதில்: 'சாயங்காலம்வரை காத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் போர்டு இருக்கிறதா?'

சித்தி இழுப்பறையைத் திறந்து, உறை பிரிக்காத இன்னொரு போர்டை எடுத்தாள். கூடவே ஒரு கேபிள்.

"நாசம் பண்றதுல உன்ன மிஞ்ச இந்த வீட்ல ஆள் இல்ல. பிடுங்கு, ஆட்டு, என்ன வேணா பண்ணு. சாயங்காலத்துக்குள்ள இத நிறுத்திக் காட்டு. நின்னா, நின்னுச்சுன்னு எழுது. நிக்கலன்னா, ஓடுதுன்னு உன் பேரப் போட்டு எழுது."

"நின்னுச்சுன்னா டிரைவர் போயிடுமே சித்தி?"

அவள் எழுந்து நின்று, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.