சீயக்காய் தேய்த்த தொப்பி

இன்று தேக்கடி ஏரி நடுவில் எங்கள் படகு நின்றுபோனது.

காரணம் நான்தான்.

(சிரிக்காதீர்கள். இந்த நோட்டு கம்பம் ஊரில் தோழிகள் உங்கள் ஐந்து பேர் கையில் மட்டும்தான் சுற்ற வேண்டும்.)

அணைக்குப் போகும் டீசல் படகை ஓட்டுவது என் அப்பா. போன மாதமே இரண்டு முறை இன்ஜின் நின்றது. இன்னொரு தடவை நின்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அணை ஓவர்சீயர் சொல்லியிருந்தார்.

கரையில் திறந்தவெளியில் கிடக்கும் டீசல் டிரம்மில் மழைத்தண்ணீர் இறங்கிவிடும். அதனால் இந்த மாதம் முதல் அப்பா ஒரு பழைய கம்பளித் தொப்பியில் ஊற்றித்தான் டேங்குக்கு டீசல் வடிப்பார். எண்ணெய் ஊறிய தொப்பி டீசலை விடும். தண்ணீரையும் தூசியையும் நிறுத்திவிடும்.

நேற்று அதன் நாற்றம் பொறுக்காமல் சீயக்காய் போட்டுத் துவைத்துவிட்டேன். (பாராட்டுவார் என்று நினைத்தேன்!)

காலையில் மழை. எல்லாமே நனைந்திருந்ததால் தொப்பியின் ஈரத்தை அப்பா கவனிக்கவில்லை. அதிலேயே ஊற்றிவிட்டார். எண்ணெய் போன தொப்பி தண்ணீரையும் சேர்த்தே விட்டுவிட்டது.

பாதி ஏரியில் இன்ஜின் இரண்டு முறை விக்கி அடங்கியது. காற்று எங்களை ஏரிக்குள் நிற்கும் பட்டமரங்கள் பக்கம் தள்ளியது.

ஓவர்சீயரும் படகில்தான் இருந்தார். நானும்.

அப்பா டேங்கின் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்தார். கீழே தண்ணீர், மேலே டீசல். வாளியில் கொட்டினார், மறுபடி பிடித்தார். ஆறாவது டம்ளரில்தான் தண்ணீர் இல்லை.

பில்டரைக் கழற்றித் துடைத்தார். பைப்பில் இருந்த காற்றை வெளியே விட்டார். இன்ஜினின் கைப்பிடியைச் சுற்றினார்.

பிடிக்கவில்லை.

மறுபடி சுற்றினார். பிடித்தது.

"என்னய்யா, திரும்பவுமா?" என்றார் ஓவர்சீயர்.

"டீசல்ல தண்ணி சேந்திருச்சுங்கய்யா. போன தடவையும் இதேதான். வாளியப் பாருங்க."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். டிரம்முக்கு மேலே கூரை போடச் சொல்வதாகச் சொன்னார். வேறு ஆள் பேச்சை எடுக்கவே இல்லை.

கரையில் அப்பா தொப்பியை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, இதத் தலைக்குக் குளிப்பாட்டுனது நீதானா?"

தலையாட்டினேன்.

"அடுத்த தடவ அப்பன் தலைக்குத் தேச்சுவிடு. தொப்பிய விட்டுரு."

அவ்வளவுதான். திட்டவில்லை. தொப்பி இப்போது டீசலில் ஊறுகிறது.

நல்லது செய்யப்போய் இப்படி மாட்டியவர்கள் உங்களில் யார்? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள்.

(விளக்கைத் தணித்து எழுதுகிறேன். சீயக்காய் டப்பா எப்படிக் காலியானது என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)