ஏழாங்கட்டையில் ஒரு பெயர் கேட்டு

சனிக்கிழமை காலை 7.10க்கு ஈப்போ புந்தோங்கிலிருந்து காரை எடுத்தேன். நானும் என் மனைவி வாணியும். போகும் இடம், சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் பதினோரு கிலோமீட்டரில் இருக்கும் ஏழாங்கட்டைத் தோட்டம்; கட்டை என்றால் இங்கே மைல். போகும் காரியம், ஒரு பெயர். ஊரில் மற்றவர்கள் லீவு நாளில் குகை பார்க்கப் போகிறார்கள், தைப்பிங் ஏரிக்குப் போகிறார்கள். நாங்கள் பெயர் கேட்கப் போனோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் ராத்திரி வரை நானும் சிரித்தவன்தான்.

வாணிக்கு ஏழாம் மாதம். இது மூன்றாவது. முதல் பெண் வயிற்றிலேயே அடங்கிவிட்டாள். இரண்டாவது பெண் ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள், பத்தாம் நாள் இல்லை. அப்போதிருந்து போன் மணி அடித்தாலே ஆஸ்பத்திரியிலிருந்துதானோ என்று எடுக்கத் தயங்குவேன். நான் ஏர்கோன் பழுதுபார்க்கிறவன். நாள் முழுக்கப் போன் அடிக்கும். என் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெயர் நிரைமணி. கிளினிக்கில் வாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மடியில் இருந்த குழந்தைக்கு அந்தப் பெயர். அடுத்த மாதம் இன்னொருத்தியின் குழந்தைக்கும் அதே பெயர். இரண்டு தாய்மாரும் முன்பு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், இருவரும் ஏழாங்கட்டைக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்தவர்கள். "அந்தப் பேரு வச்சா பிள்ள நிக்குமாம்," என்றாள் வாணி. இணையத்தில் தேடினேன். அப்படி ஒரு பெயரே இல்லை.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. எனக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு குழியிலும் காரை நிறுத்தாத குறையாக இறக்கி ஏற்றினேன். செம்மோரில் பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டினான். திட்டட்டும். அவன் வண்டியில் இருந்தது வெறும் மணல்.

8.05க்கு சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. இரண்டு ரொட்டி சானாய், இரண்டு தே தாரேக், ஏழு வெள்ளி நாற்பது காசு. கடைக்காரரிடம் வழி கேட்டேன்.

"பேர் கேக்கவா?" என்றார் அவர், வாணியின் வயிற்றைப் பார்த்து. "மாசத்துக்கு ரெண்டு கார் வருது லா. பெட்ரோல் ஸ்டேசன் தாண்டி ரோடு பிரியுற சிம்பாங்ல இடது பக்கம் திரும்புங்க, அப்புறம் நேரா போலாம். அந்தப் பக்கம் நிரைமணின்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்புவாங்க."

8.50. ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுப் பல வருடங்களாகிவிட்டன. தோட்டத்து ஆட்கள் சாலையோரம் ஒரு வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறார்கள். நிரைமணி அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அன்று ஓய்வு நாள். கிளினிக் பெண்கள் இருவருக்கும் பெயர் கொடுத்தது இவர்தான்.

"மொத நிரைமணி எங்கப்பாவோட அக்கா," என்று ஆரம்பித்தார். "பால் வெட்டப் போன எடத்துல, நிரையிலேயே பொறந்தாங்க." நிரை என்பது ஒருவர் வெட்டுவதற்கென்று ஒதுக்கிய ரப்பர் மர வரிசை. "அதுக்கு முன்ன அவங்கம்மாவுக்கு நாலு போயிருச்சு. இது நின்னுச்சு. அப்புறம் லயத்து வீடுகள்ல பிள்ள தங்காதவங்க எல்லாம் வந்து பேர் கேட்டாங்க. ஆயாக் கொட்டகையில எங்கள விட்டுட்டு வேலைக்குப் போவாங்கல்ல, அங்க ஒரே நேரத்துல ஏழு நிரைமணி. கறுப்பு நிரைமணி, குட்ட நிரைமணி. நான் ஒழுகுமூக்கு நிரைமணி."

வாணி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாகிறது.

"மத்த பேருன்னா பொறந்த முப்பதாம் நாள், முப்பது கும்பிட்டுத்தான் வைப்போம்," என்றார் அக்கா. "இதுக்கு மட்டும் பொறுக்கக் கூடாது. வயித்துல இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் கூப்பிட்டுரணும். தம்பி, நீங்க கூப்பிடுவீங்கல்ல?"

கூப்பிட்டுவிட்டால் அது ஒரு ஆளாகிவிடும். ஆளானதைத்தானே பறிகொடுக்க முடியும். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

"சரி, பேர் கேக்கறப்ப ஆம்பளைங்க இருக்கக் கூடாது," என்று அவரே என்னைக் காப்பாற்றினார். "பழைய தோட்டத்து முனியாண்டி கோயில்ல சூடம் ஏத்திட்டு வாங்க. ரெண்டு கிலோமீட்டர்தான்."

9.40க்குத் தனியாகப் போனேன். செம்பனைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. செம்மண் பாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், ஆள் அரவம் இல்லை. போனில் சிக்னலும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வாணிக்கு ஏதாவது ஆனால் யார் என்னைக் கூப்பிடுவது? அவசரத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, பாதை முடிந்த இடத்தில் இறங்கினேன். புதர் மண்டிய ஒரு திடல். தோட்டத்து இடுகாடு.

ஓரமாக இருந்த குழிமேடுகள் எல்லாம் சின்னவை. முழ நீளம், அதற்கும் கொஞ்சம் கூட. தலைமாட்டில் சிமெண்டுப் பலகை, ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து. குனிந்து படித்தேன். நிரைமணி. பக்கத்துப் பலகையிலும் நிரைமணி. அதற்கடுத்ததும். ஆறு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணத் தைரியமில்லை. கடைக்காரர் சொன்ன, கூப்பிட்டால் திரும்புகிற நாலு பேரும் பிழைத்தவர்கள். திரும்பாதவர்கள் இங்கே கிடக்கிறார்கள். இதை நம்பியா என் பெண்டாட்டி ஏழு மாத வயிற்றோடு வந்தாள்? காரைத் திருப்பினேன்.

கோயிலைத் தேடிப்பிடித்துச் சூடம் ஏற்ற நாலு தீக்குச்சி ஆனது. 11.00க்குத் திரும்பி வந்தேன். அக்கா தன் பழைய சேலைத்துண்டு ஒன்றை வாணியிடம் கொடுத்திருந்தார், பிள்ளையை முதலில் அதில்தான் ஏந்த வேண்டுமாம். "போய்ட்டு வாரேன்க்கா," என்றாள் வாணி. அவள் முகம் தெளிந்திருந்தது. நான் பார்த்ததைச் சாகும்வரை சொல்வதில்லை என்று முடிவுசெய்துகொண்டேன்.

செம்மோருக்கு முன்பு அவளே பேசினாள்.

"ஏங்க, குழிமேட்டுப் பக்கம் போனீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா சொன்னாங்க. அங்கயும் நிரைமணி இருக்காங்கன்னு. பேர் கேக்க வர்ற எல்லார்கிட்டயும் அத மொதல்ல சொல்லிருவாங்களாம்."

காரை ஓரங்கட்டினேன். பயமெல்லாம் கோபமாக வந்தது. "அப்புறம் எதுக்கு வாணி இந்தப் பேரு? அதுவும் நிக்காதுன்னா எதுக்கு?"

"அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு பேராவது இருக்கு லா," என்றாள். "முப்பது கும்பிட்டு வைக்கலாம்னு இருந்தோம், நம்ம ரெண்டும் பேரில்லாமலே போச்சு. அழணும்னா நான் யாரக் கூப்பிட்டு அழறது?"

நான் எஞ்சினை அணைத்தேன்.

"ஒரு தடவ கேட்டா போதும்னாங்க அக்கா. நான் மூணுக்கும் சேத்து மூணு தடவ கேட்டேன்."

லோரிகள் காரை உலுக்கிக்கொண்டு போயின. பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்னும் கூடியிருந்தது. அவள் வயிற்றில் கை வைத்து, நிரைமணி என்று கூப்பிட்டேன். மூன்று முறை கூப்பிட்டேன். பிரசவத்துக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது.