மிக்சிங் பண்ணாத கேசட்

வாடகைக்கு வீடியோ டெக் விடுகிறவனுக்கு ஊரில் எல்லார் வீட்டுக் கூடமும் தெரியும். தன் வீட்டுக் கூடம்தான் மறந்துபோகும். சின்னமனூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கதவு வைத்த கேசட் கடை எங்களுடையது. சினிமா இனி வீட்டுக்குள்ளேயே கிடக்கும், நினைத்தபோது எடுத்துப் பார்க்கலாம் என்று எல்லாரும் பூரித்திருந்த எண்பதுகள். என் படிப்பு எட்டாவதோடு சரி. டெக்கைத் திறந்து திறந்து மூடித்தான் தொழில் படித்தேன். நானும் என் மனைவி பொன்னுத்தாயும்தான் முதலாளி, வேலைக்காரர் எல்லாம். கேசட்டில் பதிந்துவிட்டால் பேரன் காலம்வரை இருக்கும் என்று வருகிறவர்களிடம் சொல்வோம். நாங்களும் அதை நம்பினோம். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு கேசட் கிடந்தால் நீங்களும் என் கட்சி.

மோட்டார் போட்டால் முகம் சுருங்கும்

மார்க்கையன்கோட்டையில் ஒரு காதுகுத்து. விருந்து முடிந்ததும் படம் போட ஏற்பாடு. சன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கியிருந்தார்கள். முதல் படம் பாதி ஓடுகையில் நாலு பக்கமும் கறுத்து, படம் தபால்தலை மாதிரி சுருங்கிவிட்டது. வயலுக்குக் கரண்டு வந்து எல்லாக் கிணற்றிலும் மோட்டாரைத் தட்டிவிட்டார்கள், ஓல்டேஜ் படுத்துவிட்டது. கூடத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. டெக் கொண்டுபோகிறவன்தானே கரண்டுக்கும் பொறுப்பு!

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். படம் முடியும்வரை மோட்டாரை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து வயல்காரரிடம் பக்குவமாகத்தான் கேட்டார். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. “ஏய்யா, பயிரு காஞ்சா ஒங்க படத்துல ஆடுறவனா வந்து மடை தெறப்பான்? அவனையும் இங்கன வரச்சொல்லு, ரெண்டு பாத்திக்குப் பாச்சிட்டுப் போயி ஆடட்டும்.”

வெயிலில் காய்ந்த படம்

எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிச் சாரல் பிடித்தால் துணி காயாது, தீப்பெட்டி உரசாது. கேசட்டுக்குள் நாடாவில் வெள்ளைப் பூசணம் படரும். பூசணம் பிடித்த கேசட்டை ஒரு தடவை ஓட்டினால் போதும், நாடாவைப் படிக்கிற டெக்கின் ஹெட் அடைத்துக்கொள்ளும். படம் போய்த் திரை முழுக்கப் புள்ளியாகக் கொட்டும். பொன்னுத்தாய் கடை வாசலில் உட்கார்ந்து, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு நாடாவை விரல் விரலாகத் துடைப்பாள்.

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி வீட்டம்மா அவ்வளவு பொறுமைக்காரர் இல்லை. சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த அன்று, மொட்டை மாடியில் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் பதினைந்து கேசட்டை வரிசையாகக் காயப் போட்டுவிட்டார். சாயங்காலம் எல்லாம் தோணி மாதிரி வளைந்திருந்தன. கடைக்கு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார். வெயிலில் வைக்கக் கூடாதே அம்மா என்றேன். “நமுத்த அப்பளமே வெயிலுக்கு வெறச்சு நிக்கிது. இம்புட்டு வெல குடுத்து வாங்குனது, ஒரு வெயிலு தாங்காதுன்னு முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

முடிவு தெரிந்த கதை

கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. கல்யாண கேசட்டைக் கொடுக்கும் முன் அதை உடைப்பது பொன்னுத்தாயின் வேலை. தேங்காய் உடைக்கிற பக்தியோடு செய்வாள். “இனி யாரும் அழிக்க முடியாதுல்ல?” என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுக்கொள்வாள்.

ஜெயமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை அந்த ஓட்டையில் காகிதத்தை ஒட்டி, தன் கல்யாணத்தின் மேலேயே டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பதிந்துவிட்டார். மாமனார் கேசட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார், அடியில் எங்காவது கல்யாணம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க. கடைசியில் பந்தியில் இலை எடுக்கிற காட்சி மட்டும் இருந்தது. கூடவே வந்திருந்த மாப்பிள்ளையைப் பொன்னுத்தாய் நிமிர்ந்து பார்த்து, “இப்பிடிச் செய்யலாமா தம்பி?” என்றாள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. “எத்தன தடவதான்க்கா பாக்குறது? முடிவு தெரிஞ்ச கத.”

லைட்டுக்குப் பின்னால்

கல்யாண வேலைக்குப் போகும்போது கேமரா என் தோளில், வீடியோ லைட் பொன்னுத்தாய் கையில். வேறு கடைகளில் லைட் பிடிக்க ஆம்பளை ஆள் வைத்திருந்தார்கள். இவள் பிடித்தால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு நிம்மதி. மணவறைக்குப் பின்னால் வரைக்கும் விடுவார்கள். அந்தச் சூட்டில் அவள் முகம் வேர்த்துக் கொட்டும். எத்தனை கல்யாணம் எடுத்தோமோ, ஒன்றிலும் அவள் முகம் இல்லை. வெளிச்சம் இருக்கிற இடமெல்லாம் அவள் இருந்தாள், அவ்வளவுதான்.

குரலும் இல்லை. எடுத்த கேசட்டை மதுரைக்கு அனுப்பி ‘மிக்சிங்’ பண்ணுவது வழக்கம். கல்யாண வீட்டுச் சத்தத்தை எல்லாம் அழித்துவிட்டு முழுக்கச் சினிமாப் பாட்டாகச் சேர்ப்பார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் கேட்டது. பந்தியில் சாம்பார் கேட்கிற சத்தம் யாருக்கு வேண்டும்?

மயிலாடும்பாறைக் கல்யாணம் ஒன்றுதான் தப்பியது. மணப்பெண் செல்வி வெட்கத்தில் தலையைத் தூக்கவே இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேமராவில் நெற்றிச்சுட்டி மட்டும்தான் தெரிந்தது. பொன்னுத்தாய் லைட்டுக்குப் பின்னாலிருந்து, “அடி ஆத்தா, மொகத்தத் தூக்கு. நாளைக்கு ஒம் பேரப்பிள்ளைக பாக்க வேணாமா?” என்றாள். பெண்ணின் அப்பா பக்கத்திலிருந்து, “தூக்கு தாயி, அக்கா கை வலிக்குதுல்ல” என்றார். செல்வி சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். கேசட் வாங்க அவள் அப்பா மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். மிக்சிங் ஆகவில்லையே என்றேன். “மாப்பிள்ள நாளைக்கே வடக்க வேலைக்குப் போறாக. பாட்டெல்லாம் அங்கன போயி ரேடியோவுல கேட்டுக்கிருவாக, நீங்க இருக்குறபடியே குடுங்க.”

பட்டுத்துணியில் சுற்றியது

அடுத்த ஆண்டு பொன்னுத்தாய் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். முகத்துக்குக் கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தது. குரல்தான் நாளாக ஆகப் பிடிபடாமல் நழுவியது. அலமாரி முழுக்கக் கேசட் வைத்திருந்தவன் வீட்டில் அவள் பேசிய ஒரு வார்த்தை இல்லை. மயிலாடும்பாறை நினைவு வந்ததும் டெக்கையும் டிவியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன்.

செல்வி அப்போது தாய் வீட்டில் இருந்தாள். அப்பா தவறி ஆறு மாதமாகியிருந்தது. அவர் கேசட்டை மகளோடு அனுப்பவே இல்லையாம். ஓட்டினால் தேயும் என்று ஒரு தடவைகூடப் போடாமல், பட்டுத்துணியில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் வைத்திருந்தார். செல்வி அதைப் பிரிக்கும்போதே, “அப்பா நடக்குறதப் பாக்கணும்ணே” என்றாள். எனக்கு நாடாவின் வெள்ளை தெரிந்துவிட்டது. துடைத்துப் பார்த்தேன், உள்வரை ஏறியிருந்தது. இன்னும் துடைத்தால் அறுந்துவிடும். சொன்னேன். பரவாயில்லை, போடுங்கள் என்றாள்.

திரையில் புள்ளிதான் கொட்டியது. ஆனால் சத்தத்துக்கு ஹெட் வேறு. அது நாடாவின் ஓரத்தில் ஓடும். மேளம் வந்தது. குழந்தை அழுதது. யாரோ சாம்பார் கேட்டார்கள். பிறகு, “அடி ஆத்தா, மொகத்தத் தூக்கு.” நான் டெக்கைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து செல்வியின் அப்பா குரல். செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தையே மறுபடி ஓட்டினோம்.

கேசட்டைக் கடைக்குக் கொண்டுபோய் சத்தத்தை மட்டும் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவள் அதை மறுபடியும் பட்டில் சுற்றினாள். “கோவிச்சுக்கிறாதீகண்ணே, எங்கப்பா வீட்ட விட்டு அனுப்ப மனசு வரல. வருசத்துக்கு ஒருக்கா டெக்கத் தூக்கிட்டு வாங்க, ரெண்டு பேருமா ஒக்காந்து கேப்போம்.”

படத்தை வீட்டில் பத்திரப்படுத்த ஊருக்கெல்லாம் வழி சொல்லிப் பிழைத்தவன், மறு வருசம் டெக்கோடு டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, சத்தம் ஓடுகிற அந்த ஓரத்துக்குப் பூசணம் எனக்கு முந்திப் போய்ச் சேர்ந்திருந்தது.